வேலை முறையைப் பார்த்து கேமராவும் கம்ப்யூட்டரும் வாங்குவது எப்படி

எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எடுத்த படங்களை அப்புறம் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான். மெகாபிக்சல் எத்தனை, விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும். ஆனால் ஒரு நாள் படமெடுத்துவிட்டு வந்தால் கார்டில் எத்தனை படங்கள் சேர்கின்றன, அவற்றை அன்றைக்கே பிரித்துக் கொடுக்க வேண்டுமா, ஒரு வாரம் அவகாசம் உண்டா, கடைசியில் அந்தப் படம் போன் திரையில் பார்க்கப்படுமா, பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டப்படுமா என்று கேட்டால் அப்போதுதான் யோசிக்கத் தொடங்குவார்கள். பணத்தை எங்கே போட வேண்டும் என்பது இந்தக் கேள்விகளுக்கான பதிலில்தான் இருக்கிறது.

இன்னொன்று. கேமரா ஒரு சமயம், கம்ப்யூட்டர் இன்னொரு சமயம் என்று தனித்தனியாக வாங்குவதுதான் பலருடைய வழக்கம். வேலையோ ஒரே ஓட்டமாக நடக்கிறது. கேமராவில் நீங்கள் எடுக்கும் முடிவு ஃபைலின் அளவாக மாறி, கார்டு, ரீடர், ரேம், டிஸ்க் என்று வரிசையாக எல்லாவற்றின் தலையிலும் ஏறும். அதனால் இரண்டையும் சேர்த்தே யோசிப்போம், உங்கள் பழக்கத்திலிருந்து தொடங்கி.

முதல் படி: பழைய படங்களைத் திறந்து பாருங்கள்

நீங்கள் எடுத்த ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்ற குறிப்பு இருக்கிறது. எந்த லென்ஸ், எத்தனை மி.மீ. (இது கூடக் கூடத் தூரத்துப் பொருள் நெருங்கித் தெரியும்), ஐஎஸ்ஓ (வெளிச்சம் குறைந்தால் கூட்ட வேண்டிய ஒளி உணர்திறன்) எவ்வளவு, ஷட்டர் வேகம் என்ன, எத்தனை மணிக்கு எடுத்தது என்று எல்லாமே அதில் பதிவாகியிருக்கும். லைட்ரூம் கிளாசிக் என்ற படத் திருத்த மென்பொருளை வைத்திருப்பவர்கள் லைப்ரரி பக்கத்தில் மெட்டாடேட்டா ஃபில்டரைத் திறந்தால் லென்ஸ்வாரியாக, ஐஎஸ்ஓவாரியாக எத்தனை படங்கள் என்று எண்ணிக்கையோடு பட்டியல் வந்துவிடும். அது இல்லாதவர்களுக்கு டிஜிகேம் இலவசமாகக் கிடைக்கிறது, எக்ஸிஃப்டூலும் இலவசம்தான்.

இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். எடுத்த எல்லாப் படங்களையும் எண்ணாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தவை, யாருக்காவது கொடுத்தவை, பிரிண்ட் போட்டவை, இவற்றை மட்டும் பாருங்கள். கழித்துக் கட்டிய படங்களையும் சேர்த்து எண்ணினால் கணக்கு திசைமாறிப் போகும்.

உதாரணமாக, 24-70 லென்ஸ் ஒன்று உங்களிடம் இருக்கிறது, தேர்ந்தெடுத்த படங்களில் பெரும்பகுதி 70லேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூமை முட்டும்வரை திருப்பியிருக்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் நெருங்க முடியாதா என்று ஏங்கியிருக்கிறீர்கள். அப்படியானால் அடுத்து வாங்க வேண்டியது ஒரு 85 அல்லது 70-200 லென்ஸ். புது பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) வாங்கினாலும் அந்த ஏக்கம் அப்படியே இருக்கும். ஐஎஸ்ஓ பட்டியலில் 3200, 6400 என்றே நிரம்பி வழிந்தால் நீங்கள் வெளிச்சம் குறைந்த இடத்தில் வேலை செய்பவர். ஷட்டர் வேகம் பெரும்பாலும் 1/1000க்கு மேல் என்றால் ஓடுகிற, பறக்கிற விஷயங்கள் உங்களுக்குப் பிடிக்கிறது. இதுவரை போனில் மட்டும் எடுத்தவராக இருந்தாலும் பரவாயில்லை. போனின் முக்கிய கேமரா பொதுவாகப் பெரிய சென்சாரான ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24, 26 மி.மீ. பக்கம் இருக்கும், நீங்கள் எப்போதும் திரையை விரித்து விரித்துத்தான் எடுக்கிறீர்கள் என்றால் உங்கள் கண் அதைவிட நீளமான லென்ஸைத் தேடுகிறது.

இரண்டாவது: கேமராவும் லென்ஸும்

ஒளியைப் படமாக்கும் சென்சாரின் அளவைப் பற்றித்தான் புதியவர்களுக்கு அதிகக் குழப்பம். ஃபுல் ஃபிரேம் என்பது 36 × 24 மி.மீ.; ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 23.5 × 15.6, கேனானில் சற்றுச் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13. பரப்பைக் கணக்குப் போட்டால் ஃபுல் ஃபிரேம் ஏபிஎஸ்-சியைவிட இரண்டே கால் மடங்குக்குச் சற்று அதிகம். இருட்டில் எடுக்கும்போது அது உதவும், உண்மைதான். ஆனால் எஃப் 2.8 லென்ஸை எடுத்துவிட்டு எஃப் 1.4 லென்ஸைப் போட்டால் (எஃப் எண் குறைந்தால் லென்ஸின் துளை பெரிது) உள்ளே வரும் ஒளி நான்கு மடங்காகிறது. அதாவது வெளிச்சம் போதவில்லை என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால், இருக்கிற பாடியிலேயே ஒரு நல்ல பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) போடுவது பாடியை மாற்றுவதைவிடப் பெரிய பலனைக் கொடுக்கும். எஃப் 1.4ல் ஃபோகஸ் ஆழம், அதாவது கூர்மையாகத் தெரியும் பகுதி, மெலிதாகிவிடும். ஒரே ஒரு முகத்தை எடுப்பவருக்கு அது அழகு, வரிசையாக நிற்கிற கூட்டத்தை எடுப்பவருக்கு அது தொல்லை. இப்படித்தான் பழக்கம் வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மெகாபிக்சலுக்கு வருவோம். 24 மெகாபிக்சல் படம் 6000 × 4000 பிக்சல். ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற தரமான அச்சுக் கணக்கில் அது 20 × 13 அங்குல பிரிண்ட். 45 மெகாபிக்சல் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று தோன்றும். அகலவாக்கில் பார்த்தால் 6000 என்பது 8256 ஆகிறது, அவ்வளவுதான். இன்ஸ்டாகிராமுக்குப் போகும் படம் 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கப்படுகிறது. 4கே மானிட்டர் முழுக்க நிரப்பினாலும் அது 83 லட்சம் பிக்சல், அதாவது 8 மெகாபிக்சலை ஒட்டி. அதற்காக 45 வீண் என்று சொல்ல வரவில்லை. பறவைகளை எடுப்பவர் எப்போதும் வெட்டித்தான் பயன்படுத்துவார், இயற்கைக் காட்சியைப் பெரிதாக பிரிண்ட் போடுபவர் ஒவ்வொரு இலையையும் கேட்பார், துணி, நகை போன்ற பொருள்களை எடுப்பவருக்கு நூலிழை தெரிய வேண்டும். இவர்களுக்கு அது வேண்டும். விழாக்களை எடுத்து ஆல்பமாகவும் போனுக்கும் கொடுப்பவருக்கு 24 தாராளம், அதற்கு மேலே போனால் வேலைதான் கூடும்.

விநாடிக்கு 20 ஃபிரேம் என்று பெட்டியில் போட்டிருப்பதை இப்படிப் பாருங்கள். ஒரு ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) 50 எம்பி என்றால் விநாடிக்கு 1000 எம்பி உருவாகிறது. யூஎச்எஸ்-2 எஸ்டி கார்டின் பாதை உச்சபட்சமாக விநாடிக்கு 312 எம்பிதான், யூஎச்எஸ்-1 என்றால் 104. மிச்சம் எல்லாம் கேமராவின் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) தேங்கும், அது நிரம்பியதும் கேமரா திணறும், சரியாக அந்த நேரத்தில்தான் பறவை மீனைக் கொத்தும். எனவே தொடர்ச்சியாகச் சுடுபவர் பஃபர் ஆழத்தையும், அதைவிட வேகமான சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டு போடும் வசதி உண்டா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் ஃபிரேம் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை நம்பி வாங்குபவர்கள் சென்சார் எவ்வளவு வேகமாக வாசிக்கப்படுகிறது என்று விசாரியுங்கள்; மெதுவான சென்சாரில் வேகமாக அசையும் மட்டை சாய்ந்து தெரியும், எல்இடி விளக்கின் கீழே படத்தில் பட்டை பட்டையாக விழும்.

பணம் வாங்கிக்கொண்டு திரும்ப நடக்காத நிகழ்ச்சிகளை எடுப்பவர் என்றால் இரண்டு கார்டு ஸ்லாட் இல்லாத பாடியைத் தொடவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஒரே படம் இரண்டு கார்டிலும் ஒரே சமயத்தில் எழுதப்பட வேண்டும். பொழுதுபோக்காக எடுப்பவருக்கு இது கட்டாயம் இல்லை.

எடை பற்றி யாரும் பேசுவதில்லை, பேச வேண்டும். பழைய 70-200 எஃப் 2.8 லென்ஸ்கள் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. நாள் முழுக்கத் தோளில் தொங்கவிட்டு நடக்கிறவருக்கு அது மாலையில் என்ன ஆகும் என்று கடையில் ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்தால் தெரியாது. நடந்து நடந்து தெருவில் எடுப்பவர், பயணத்தில் எடுப்பவர், இவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, வீட்டில் விட்டுவிட்டுப் போகத் தோன்றாத கேமராவை வாங்குங்கள் என்பதுதான். சிறிய ஏபிஎஸ்-சி பாடியும் ஒரே ஒரு 35 மி.மீ. எஃப் 2 லென்ஸும் அவர்களுக்குப் பல வருடம் ஓடும்.

பழைய லென்ஸ்கள் கையில் இருந்தால் மவுன்ட் (லென்ஸ் பாடியோடு பொருந்தும் வளையம்) விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கேனான் 1987ல் கொண்டுவந்த ஈஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியாகப் புதிய ஆர்எஃப் பாடிகளில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்கின்றன. நிக்கானில் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால் ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபோகஸ் செய்யும். பாடியில் உள்ள மோட்டாரை நம்பியிருந்த பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் திருப்ப வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்குவதற்கு லென்ஸ்தான் மிக நல்ல பொருள், பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மூன்றாவது: ஃபைல் கணக்கு

கேமரா ஏறக்குறைய முடிவானதும், கம்ப்யூட்டர் கடைப் பக்கம் போகும் முன்னால் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போடுங்கள். தரம் குறையாமல் சுருக்கிய 24 மெகாபிக்சல் ரா ஃபைல் தோராயமாக 25 முதல் 30 எம்பி வரை இருக்கும். 45 மெகாபிக்சல் என்றால் 50 முதல் 60. ஒரு நிகழ்ச்சிக்கு 1500 படம் எடுக்கிறீர்கள் என்றால் முதலாவதில் 42 ஜிபி பக்கம், இரண்டாவதில் 80 ஜிபியைத் தாண்டும். மாதத்துக்கு நான்கு நிகழ்ச்சி என்றால் ஒரு வருடத்தில் 2 டிபியா 4 டிபியா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதையும் இரண்டு பிரதி, மூன்று பிரதி வைக்க வேண்டும்.

நேரத்தையும் கணக்கில் சேருங்கள். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போகும்போது திரையில் கூர்மை வர 2 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கச் சின்னதாக இருக்கிறது. 1500 படத்துக்கு அது 50 நிமிடம், வெறுமனே காத்திருந்தது மட்டும். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத்தான் சொல்கிறார்கள், ஆனால் எங்கே மெதுவாக இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

இதற்குப் புது கம்ப்யூட்டர் இல்லாமலும் வழி உண்டு. ஃபோட்டோ மெக்கானிக் மாதிரியான மென்பொருள்கள் ரா ஃபைலுக்குள் கேமராவே பொதித்துவைத்த ஜேபெக்கைக் காட்டுவதால் படங்கள் பறக்கும். முதலில் அதில் கழித்துவிட்டு, மிஞ்சியதை மட்டும் எடிட்டிங்குக்குக் கொண்டுபோகலாம். லைட்ரூமிலேயே ஸ்மார்ட் பிரிவ்யூ உருவாக்கிக்கொண்டால் நீளவாக்கில் 2560 பிக்சல் உள்ள சிறிய பிரதியில் வேலை நடக்கும், சாதாரண லேப்டாப்பும் தாங்கும். இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் போதவில்லை என்றால் அப்போது புதிது வாங்குங்கள்.

நான்காவது: கம்ப்யூட்டர்

லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்பதை எங்கே உட்கார்ந்து எடிட் செய்கிறீர்கள் என்பதே முடிவு செய்யும். நிகழ்ச்சி நடக்கும் இடத்திலிருந்தே படம் அனுப்ப வேண்டியவர், பயணத்தில் இருப்பவர், ஸ்டுடியோவில் கேமராவைக் கேபிளில் இணைத்து எடுப்பவர், இவர்களுக்கு லேப்டாப். ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு டெஸ்க்டாப்தான் நல்லது; அதே பணத்துக்கு அதிக வேகம், பிற்பாடு ரேமும் டிஸ்கும் கூட்டலாம், சூடாகி வேகம் குறைகிற தொல்லையும் குறைவு.

ரேம் 24 மெகாபிக்சலுக்கு 16 ஜிபி போதும். 45 என்றாலோ, படங்களை ஒட்டிப் பனோரமா செய்வதென்றாலோ, ஃபோட்டோஷாப்பில் அடுக்கடுக்காக லேயர் போடுபவர் என்றாலோ 32 வையுங்கள். ஆப்பிளின் எம் வரிசைச் சிப் உள்ள மேக்குகளில் ரேமைப் பின்னால் கூட்ட வழியே இல்லை, பல மெல்லிய விண்டோஸ் லேப்டாப்களிலும் அப்படித்தான். அங்கே வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு சாதாரண வெளிச்சம், நிறத் திருத்தத்துக்குப் பெரிதாக வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் அதிக ஐஎஸ்ஓவில் எடுத்து ஏஐ டீநாய்ஸ் (படத்தில் விழும் புள்ளி இரைச்சலை நீக்குவது) போடுகிறவர் என்றால் அந்த வேலை முழுக்க கிராஃபிக்ஸ் கார்டின் மேல்தான் விழுகிறது. நல்ல கார்டில் ஒரு படம் சில விநாடிகளில் முடியும், கார்டு இல்லாத பழைய மெஷினில் ஒரே படத்துக்கு நிமிடக்கணக்கில் ஆகும். 8 ஜிபி வீடியோ மெமரி உள்ளதைப் பாருங்கள். ஐஎஸ்ஓ பட்டியலை முதலில் எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீடியோவும் எடுப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை: புதிய கேமராக்கள் பதிவு செய்யும் 10-பிட் 4:2:2 எச்.265 (நிற விவரம் கூடிய, நெருக்கிச் சுருக்கிய வடிவம்) வீடியோவைப் பல கிராஃபிக்ஸ் கார்டுகளால் நேரடியாகப் பிரிக்க முடிவதில்லை. இன்டெலின் 11ஆம் தலைமுறை முதலான உள்ளமைந்த கிராஃபிக்ஸ், ஆப்பிள் எம் சிப்கள், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை ஆகியவற்றில் அது முடியும். விலையுயர்ந்த மெஷினிலும் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுவதற்கு இதுதான் பல சமயம் காரணம்.

டிஸ்க்: ஆபரேட்டிங் சிஸ்டமும் இப்போது நடக்கிற வேலையும் என்விஎம்இ எஸ்எஸ்டியில் (மிக வேகமான டிஸ்க்), முடிந்த வேலைகள் பெரிய ஹார்ட் டிஸ்க்கில். பழைய இணைப்பு வகையான சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி பக்கம், ஹார்ட் டிஸ்க் 100லிருந்து 250 வரை. லைட்ரூமின் கேட்டலாக் ஃபைலை (படங்களின் பட்டியலும் திருத்தங்களும் இருக்கும் ஃபைல்) மட்டுமாவது எஸ்எஸ்டியில் வையுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

யூஎஸ்பி-சி துளையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதே வடிவத் துளைக்குப் பின்னால் விநாடிக்கு 480 மெகாபிட்டும் இருக்கலாம், 40 கிகாபிட்டும் இருக்கலாம். கேபிளுக்கும் இதே கதைதான், போன் சார்ஜருடன் வந்த கேபிளில் எஸ்எஸ்டியை இணைத்துவிட்டு டிஸ்க்கைக் குறை சொல்கிறவர்கள் நிறைய.

இன்னொரு சங்கிலியையும் கவனியுங்கள். புதிய கேமராவின் ரா ஃபைலைப் பழைய மென்பொருள் திறக்காது. ஒரு முறை பணம் கொடுத்து வாங்கிய லைட்ரூம் 6க்கு 2017க்குப் பிறகு புதிய கேமரா எதுவும் சேர்க்கப்படவில்லை. மென்பொருளைப் புதுப்பிக்கப் போனால் அது உங்கள் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஏறாது, அதைப் புதுப்பிக்கப் போனால் கம்ப்யூட்டரே பழசு என்று வந்து நிற்கும். புதிய ரா ஃபைலைப் பழைய மென்பொருளும் திறக்கும் வடிவத்துக்கு மாற்றும் அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டர் பலரை இதிலிருந்து காப்பாற்றுகிறது. டார்க்டேபிள், ராதெரபி என்ற ரா மென்பொருள்கள் இரண்டும் இலவசம், கேனான், நிக்கான் நிறுவனங்களே தங்கள் கேமராவுக்கான மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. பாடிக்குப் பணம் கட்டும் முன்னால் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

மேக்கா விண்டோஸா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. எது கைக்குப் பழகியிருக்கிறதோ அதிலேயே இருங்கள்.

ஐந்தாவது: மானிட்டர்

பணத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டிய இடம் எது என்று கேட்டால் நான் மானிட்டரைத்தான் காட்டுவேன். கண் பார்க்கிற நிறம் தவறாக இருந்தால், அதை நம்பிச் செய்கிற திருத்தமும் தவறாகவே இருக்கும். ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத திரை வகை), இணையத்தின் பொதுவான நிற வரம்பான எஸ்ஆர்ஜிபி முழுவதும் காட்டக்கூடியது, இது குறைந்தபட்சம். பிரிண்ட் போடுபவர்கள் அதைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபி எத்தனை சதவீதம் என்று பார்த்து வாங்கலாம். இணையத்துக்கு மட்டும் கொடுப்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

வாங்கியதும் காலிபிரேட் செய்யுங்கள். ஸ்பைடர், காலிபிரைட் மாதிரியான கருவியைத் திரையின் மேல் தொங்கவிட்டால் சில நிமிடங்களில் நிறத்தை அளந்து திருத்திக் கொடுக்கும், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொண்டாலும் போதும். பிரிண்ட் எப்போதும் இருட்டாக வருகிறது என்று லேபைத் திட்டுபவர்கள் முதலில் தங்கள் திரையின் பிரகாசத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். புது மானிட்டர்கள் கடையிலிருந்து வரும்போது கண் கூசும் அளவுக்கு வைக்கப்பட்டிருக்கும். பிரிண்ட் வேலைக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா என்பது வழக்கமான அளவு. அதிகப் பிரகாசத்தில் படம் வெளிச்சமாகத் தெரிவதால் நாமே அதை இருட்டாக்கி அனுப்பிவிடுகிறோம்.

ஆறாவது: பேக்கப்

இதைப் பட்ஜெட்டில் மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள், கேமராவின் விலையோடு சேர்த்தே எழுதுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். பல காலமாக எல்லோரும் சொல்லும் கணக்கு, இதைவிட எளிதானது எனக்குத் தெரிந்து இல்லை. கார்டை ஃபார்மட் செய்வது இரண்டு பிரதி உறுதியான பிறகுதான். ரெய்டு போட்ட பெட்டி (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்தது) ஒன்று இருக்கிறது என்பதைப் பேக்கப்பாகக் கணக்கிடாதீர்கள், தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அதன் எல்லா டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழிந்துவிடும்.

ஏழாவது: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்க முடியாதவர்களுக்கு என் வரிசை இது: முதலில் பேக்கப் டிஸ்க், அடுத்து லென்ஸ், அப்புறம் மானிட்டர், அதற்கடுத்து கம்ப்யூட்டர், கடைசியாக கேமரா பாடி. ஆட்டோஃபோகஸ் காரணமாகவே படங்கள் தவறிக்கொண்டிருக்கிறது என்று எக்ஸிஃபும் கழித்த படங்களும் உறுதியாகக் காட்டினால் மட்டும் பாடியை முன்னே கொண்டு வாருங்கள்.

பாடியை வாங்கும் முன் வாடகைக்கு எடுத்து, உங்கள் வழக்கமான வேலை ஒன்றை முழுதாக அதில் செய்யுங்கள். மெனுவுக்குள் போகாமல் ஐஎஸ்ஓ மாற்ற முடிகிறதா, விரல் தேடாமல் பட்டனில் போய் உட்காருகிறதா, கண்ணாடி போட்டிருப்பவர் என்றால் வ்யூஃபைண்டரின் நான்கு மூலையும் தெரிகிறதா, எத்தனை பேட்டரி தீர்ந்தது என்று பாருங்கள். அந்தப் படங்களை அப்படியே உங்கள் இப்போதைய கம்ப்யூட்டரில் இறக்கி, தேர்ந்தெடுத்து, எடிட் செய்து, ஏற்றுமதி (கொடுப்பதற்கான இறுதி ஃபைலாக்குவது) வரை கொண்டுபோங்கள்.

கம்ப்யூட்டர் வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அதே படங்களை அதில் போட்டு ஒரு மணி நேரம் விடாமல் ஏற்றுமதி செய்யுங்கள். முதல் நூறு படத்துக்கு ஆன நேரத்தையும் கடைசி நூறுக்கு ஆன நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நூறுக்கு நேரம் கணிசமாகக் கூடியிருந்தால் மெஷின் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்று அர்த்தம், கெடுவுக்குள் கடையில் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.